உமையாளின் அளவு

அங்கே அவளுக்கு இரவு ஒரு மணி.
இங்கே செக்காலை ரோட்டில்
கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு
கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

போனை உயர்த்திப் பிடித்தேன்.
"இது பிரவுன்டி" என்றாள்.
அரக்கு என்றேன்.
"இங்க பிரவுனாத்தான் தெரியுது."

லென்ஸைத் துடைத்தேன்.
ட்யூப் லைட்டை அணைக்கச் சொன்னேன்.
புடவையை வாசல்வரை இழுத்துவந்து
வெயிலில் பிடித்தேன்.
ஒரு மினிபஸ் ஹாரனால் எங்கள் இருவரையும்
திட்டிவிட்டுப் போனது.
அப்போதும் பிரவுன்தான்.

பிறகு கேமராவை விட்டுவிட்டு
வாயால் சொல்ல ஆரம்பித்தேன்.
பணியாரம் குழியில் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்று அடம்பிடிக்குமே,
அதன் ஓரம்.
"கருகினதா, கருகாததா?"
கருகப்போவது.

இந்த ஊதா?
பதினொன்றாம் வகுப்பு லேபில்
பெர்மாங்கனேட்டைத் துப்பட்டாவில் கொட்டிக்கொண்டு
அழுதாயே, அது காய்வதற்கு முன்னால்.
சிரித்தாள்.
படம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது,
சிரிப்பு மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தது.

அரக்கைக் கட்டிக் காட்டச் சொன்னாள்.
அவளுக்கும் எனக்கும் ஒரே உயரம், ஒரே தோள்.
அதை நம்பித்தான் அவள் ஆத்தா
பட்டியலை என் கையில் திணித்துவிட்டு
சமையல்காரரைப் பேசப் போயிருந்தார்.
சுடிதாருக்கு மேலேயே
கடைப்பெண் கொசுவம் வைத்தாள், நான்கு ஊக்கு,
பின்னால் நின்று முந்தானையை ஏந்திக்கொண்டாள்.

கண்ணாடியில் நான் நின்ற விதம்
எப்படி இருந்ததோ,
"மாப்பிள்ளைக்கு எந்த ஊரும்மா?" என்றார் கடைக்காரர்.
நான் பொண்ணு இல்லை என்று சொல்ல
ஒரு நொடி போதும்.
அந்த நொடியில்
"கானாடுகாத்தான்" என்றேன்.
"என்ன பண்றாரு?"
"கப்பல்ல."
கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரையும்
எனக்குத் தெரியாது.
பன்னீர் சோடா வந்தது.
போனுக்குள் உமையாள் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் பக்கம் மைக் அணைந்திருந்ததா
அணைத்துக்கொண்டாளா, தெரியவில்லை.

தோழிகளுக்கு ஐந்து பாவாடை தாவணி,
எல்லாம் வெங்காயச் சருகு நிறம்.
நான்கு பேர் அவள் ஆபீஸ்.
அதில் ஒருத்தி ஆறடி இரண்டங்குலம்,
அவளுக்குப் பாவாடையில் ஒட்டுப் போட வேண்டும்.
ஐந்தாவது எனக்கு.

முத்துப்பட்டணம் அச்சகத்தில் புரூஃப் தயாராக இருந்தது.
அவள் அப்பச்சி பெயருக்கு முன்னால்
மெ. அரு. நா. சித. என்று
எழுத்துகள் வரிசையில் நின்றன.
ஒரு புள்ளி விட்டுப்போனால்
ஒரு பாட்டனார் காணாமல் போவார்.
எனக்கு எப்போதும் ஒற்றை எழுத்துதான்.
அதையும் மூன்று வருஷம் முன்பு கெஜட்டில் போட்டு
அம்மாவுடையதாக மாற்றிக்கொண்டேன்.
அவர்கள் எழுத்துகளை இரண்டுமுறை எண்ணினேன்.

இளையாத்தங்குடியில் ஒரு 'த்' இல்லை.
அதற்குக் கீழே
மணமகள் இருக்க வேண்டிய இடத்தில்
மணமகன்.
ஆக இரண்டு மணமகன்கள்.
"நல்லவேளை, அடிக்கலை" என்றார் சந்தியாகு.
சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு
சற்றுநேரம் அடிக்காமல் இருந்தேன்.
கூடுதலாக வந்த அவனுக்குக்
கப்பல் வேலை பொருந்தும் என்று தோன்றியது.
பிறகு அவனை 'ள்' ஆக்கினேன்.

டெய்லர் கேட்டார், "பொண்ணு வரலியா?"
"நான்தான் அளவு."
நோட்டில் உமையாள் என்று எழுதிக் கோடு போட்டார்.
அதன் கீழே என் தோள், என் மார்பு,
என் கைச்சுற்று,
பதினாலரை, முப்பத்தாறு, பதினொன்று.

மேஜைமேல் இருந்த போன் சொன்னது:
"ஒரு விரல் லூஸா வைக்கச் சொல்லு."
இன்னுமா தூங்கலை?
மணி அங்கே மூன்றரை.

"கப்பல்காரன் எப்ப கரைக்கு வர்றான்னு சொல்லு,
தூங்கிடறேன்."

டேப்பை இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த டெய்லர்
நிமிர்ந்து பார்த்தார்.
"மூச்ச விடும்மா.
அளவு தப்புது."